கம்மல், கூலிங் கிளாஸ், வாட்ச், ஹேண்ட்பேக்... தினமும் போடும் ஆக்சஸரீஸை எப்படித் தேர்வு செய்வது?

காலை 8 மணி. வாயில் இட்லி, ஒரு கையில் லஞ்ச் பேக், இன்னொரு கையில் கம்மலின் திருகாணி. இப்படித்தான் பலரும் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். அந்தக் கம்மல் காதிலிருந்து இறங்க இரவு 8 மணி ஆகிவிடும். சிலர் அப்படியே தூங்கியும் விடுவார்கள்.

கல்யாணத்துக்கு 4 மணி நேரம் கட்டப் போகும் பட்டுப்புடவைக்காக தி.நகரில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், தினமும் 12 மணி நேரம் தோலோடு ஒட்டிக் கிடக்கும் கம்மலை மின்சார ரயிலில் தாம்பரம் வருவதற்குள் வாங்கி முடித்துவிடுகிறோம். ரயிலில் வாங்குவது தப்பே இல்லை, நானும் வாங்குவேன். விஷயம் என்னவென்றால், எதை எத்தனை மணி நேரம் போடப் போகிறோம், அந்த நேரத்தில் நாம் பஸ்ஸில் நசுங்குவோமா, பைக் ஓட்டுவோமா, வெயிலில் நிற்போமா என்பதை யோசிக்காமல் வாங்குகிறோம். அழகாக இருக்கிறதே என்று வாங்கியது ஒரே வாரத்தில் டிராயருக்குப் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, தினசரி பயன்பாட்டுக்கு எதைப் பார்த்து வாங்கணும்? காதிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் பிரச்னை அதிகம் வருவது அங்கேதான்.

காது ஏன் அரிக்கிறது?

"எனக்கு கவரிங் ஒத்துக்காதுப்பா" என்று சொல்லும் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். கம்மல் போட்ட ஒன்றிரண்டு நாளில் காது மடல் சிவக்கும், அரிக்கும், சிலருக்கு நீர் வடியும். இதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் என்ற உலோகம்.

விலை குறைந்த ஃபேன்சி நகைகளின் உள்ளே இருப்பது பித்தளையோ வேறு கலப்பு உலோகமோதான். அதன் மேல் பளபளப்புக்காகவும் உறுதிக்காகவும் நிக்கல் பூச்சு கொடுத்து, அதற்கு மேல் தங்க நிறப் பூச்சு கொடுப்பது பல இடங்களில் நடக்கும் முறை. மேல் பூச்சு தேய்ந்ததும் நிக்கல் வெளியே வருகிறது. நம்ம ஊர் வியர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் போகும்போது, சிலருடைய உடலின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையின் அடையாளம்தான் அரிப்பும் சிவப்பும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நிக்கல் அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால், பொதுவாக வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அதற்குப் பிறகு வாட்ச்சின் பின்பக்கம், பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பட்டன், கண்ணாடி ஃப்ரேம் என எது பட்டாலும் அரிக்கலாம். தொப்புளுக்குக் கீழே வட்டமாகத் தோல் தடித்து, என்னவென்று தெரியாமல் வருடக்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் காரணம் ஜீன்ஸ் பட்டனாக இருக்கும்.

இந்த அலர்ஜி தொடங்குவதற்கு முக்கியமான வாசல் காது குத்துவது. ஆறாத புண்ணுக்குள் நிக்கல் கலந்த கம்பியைப் போட்டால், அது நேரடியாக உள்ளே போகிறது. குழந்தைக்குக் காது குத்தும்போது தங்கக் கம்மல்தான் போடணும் என்று பாட்டி அடம்பிடிப்பார் இல்லையா? அவர் அந்தஸ்துக்காகச் சொன்னாரோ என்னவோ, பலன் சரியாகத்தான் இருந்தது. 22 கேரட் மஞ்சள் தங்கத்தில் பெரும்பாலும் கலப்பது வெள்ளியும் செம்பும்தான். 'ஒயிட் கோல்ட்' விஷயம் வேறு. அதில் சில வகைகளில் வெண்மைக்காக நிக்கலே சேர்ப்பார்கள் என்பதால், கேட்டு வாங்குவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருட்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு வாரத்தில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. காது, மூக்கு குத்தும் துளைக்குள் போகும் கம்பிகளுக்கு இன்னும் கறார்: 0.2 மைக்ரோகிராம்.

அப்போ எதை வாங்கலாம்?

ஏற்கெனவே காது அரிக்கும் ஆளாக இருந்தால், கம்பிப் பகுதி டைட்டானியத்தில் இருக்கும் கம்மல் பாதுகாப்பானது. டிசைன் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், துளைக்குள் போகும் கம்பி என்ன உலோகம் என்பதுதான் கேள்வி. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் அதில் நிக்கலே இல்லை என்று அர்த்தம் கிடையாது. அந்த வகையில் பிரபலமான 316 எல் ஸ்டீலில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. ஆனால், அது உலோகத்துக்குள் இறுகிக் கிடப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும். பலருக்கு ஒன்றும் செய்யாது, அலர்ஜி கடுமையாக இருப்பவர்களுக்குச் செய்யலாம்.

கம்மல் கம்பியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவிப் போடுவது நம்ம வீடுகளில் பழைய டெக்னிக். அவசரத்துக்கு உதவும். சில நாட்களில் உரிந்துவிடும் என்பதால் அதையே நம்பியிருக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன டெஸ்ட் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. அந்தத் திரவத்தைப் பஞ்சில் தொட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும்.

அதே சமயம், கழுத்திலோ விரலிலோ பச்சை நிறம் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அது அலர்ஜி இல்லை. செம்பு வியர்வையோடு சேரும்போது வரும் நிறம்தான், சோப்பு போட்டால் போய்விடும். சிதம்பரம் கவரிங் மாதிரி செம்பின் மேல் தங்கம் ஏற்றிய நகைகளில், பூச்சு தேய்ந்த இடத்தில் இது நடக்கும். நிறம் ஒட்டினால் மறுபடி பாலிஷ் போடும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரித்தால்தான் கழற்ற வேண்டும்.

அரிப்பு வந்த பிறகும் "நாளைக்குச் சரியாயிடும்" என்று அதே கம்மலைப் போட்டுக்கொண்டிருப்பதும், மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு க்ரீமை வாங்கி மாதக்கணக்கில் தடவுவதும் தப்பு. கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நீர் வடிந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மாட்டல் ஏன் கண்டுபிடித்தார்கள்?

அடுத்தது எடை. காது மடலில் எலும்பு கிடையாது, குருத்தெலும்பும் கிடையாது. வெறும் தோலும் கொழுப்பும்தான். கனமான ஜிமிக்கியை வருடக்கணக்கில் தினமும் போட்டால், துளை கோடாக நீளும். ஒருநாள் குழந்தை இழுத்தால் கிழியும். கிழிந்த காதைத் தைப்பது சின்ன சிகிச்சைதான் என்றாலும், அது வேண்டாத செலவு.

நம்ம முன்னோர் இதற்கு ஒரு அருமையான வழி வைத்திருந்தார்கள்: மாட்டல். கம்மலிலிருந்து காதுக்கு மேல் போய் தலைமுடியில் செருகும் அந்தச் சங்கிலி, அலங்காரம் மட்டும் இல்லை. ஜிமிக்கியின் எடையை முடி தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்றைக்குக் கல்யாண மேடையில் மட்டும் பார்க்கிறோம். ஆபீஸுக்கு ஜிமிக்கி போட ஆசையா? மெல்லிய ஒற்றை வரி மாட்டலோடு போட்டுப் பாருங்கள். காதுக்கும் நல்லது, பார்க்கவும் தனியாகத் தெரியும்.

தினமும் போட வேண்டுமென்றால் திருகாணி வைத்த சின்னக் கம்மலுக்கு ஈடு இல்லை. ஹூக் மாடல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கூட்ட பஸ்ஸில் துப்பட்டாவோடு போய்விடும். ஹூக்தான் பிடிக்கும் என்றால் பின்னால் போடும் சின்ன ரப்பர் அடைப்பானைக் கேட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான். ஒற்றைக் கம்மலைத் தொலைத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு முழிப்பதைவிட மேல்.

பைக்கில் போகும்போது

இங்கே கொஞ்சம் சீரியஸாகப் பேசியாகணும். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் பின்சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் நம்ம செய்திகளில் அடிக்கடி வருகின்றன. துணி சக்கரத்தில் ஒரு சுற்று சுற்றினாலே ஆளைக் கீழே இழுத்துப் போட்டுவிடும். கழுத்தைச் சுற்றிய துணியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் இறந்தது இப்படித்தான். அவருடைய நீளமான கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது.

பின்சீட்டில் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கின்றன. நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது இதைத்தான். பைக் வாங்கிய மறுநாளே "லுக் கெட்டுப்போகுது" என்று அதைக் கழற்றி வைக்கும் தம்பிகளே, பின்னால் உட்காரப் போவது உங்க அம்மாவோ அக்காவோதான்.

துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு, இரண்டு முனைகளையும் இடுப்புப் பக்கம் சேர்த்து முடிச்சுப் போட்டு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். கழுத்தைச் சுற்றிப் போட்டு முனைகளைப் பின்னால் விடுவதுதான் ஆபத்தான ஸ்டைல். புடவை என்றால் தலைப்பை முன்னால் இழுத்துச் செருகுங்கள். வண்டியில் ஏறும் முன் ஒரு விநாடி கீழே குனிந்து பாருங்கள், போதும்.

ஹெல்மெட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் க்ளா கிளிப் வேண்டாம். ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. கீழே விழுந்தால் அந்தக் கிளிப்பே தலையில் குத்தும். தாழ்வாகப் பின்னி ஒரு துணி ரப்பர் பேண்ட் போட்டால் ஆபீஸில் இறங்கியதும் முடியும் கலையாது. கிளிப்பைப் பையில் எடுத்துப் போய் அங்கே போட்டுக்கொள்ளலாம். தொங்கும் கம்மலுக்கும் இதே கணக்குதான், ஹெல்மெட் கழற்றும்போது அதோடு சேர்ந்து வரும்.

கறுப்புக் கண்ணாடி எல்லாம் கூலிங் கிளாஸ் ஆகுமா?

ஆகாது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதற்கும், அது சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்குமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சொல்லப்போனால் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். வெளிச்சம் குறைந்ததும் கண்மணி விரிந்துகொடுக்கும். விரிந்த அந்த வாசல் வழியாகப் புற ஊதாக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். கண்புரைக்கும், வெள்ளை விழியில் சதை வளர்வதற்கும் பல வருட வெயில் ஒரு காரணம் என்பதால் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. டெலிவரி வேலை, டிராஃபிக் வேலை, மார்க்கெட்டிங் என வெயிலிலேயே இருப்பவர்களுக்கு கூலிங் கிளாஸ் ஸ்டைல் பொருள் இல்லை, வேலைக்கான கருவி.

வாங்கும்போது 'யுவி 400' என்று இருக்கிறதா பாருங்கள். 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பல ஆப்டிகல் கடைகளில் இதை அளக்கும் சின்ன மெஷின் இருக்கிறது. கொடுத்தால் சில விநாடிகளில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும்.

'போலரைஸ்டு' என்பது வேறு சமாச்சாரம். தார் ரோட்டிலிருந்தும் முன்னால் போகும் காரின் கண்ணாடியிலிருந்தும் தெறிக்கும் கூச்சத்தைக் குறைப்பது அதன் வேலை. பகலில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ரொம்ப உதவும். உண்மையிலேயே போலரைஸ்டா என்று கடையிலேயே பார்க்க ஒரு வழி: லேப்டாப் ஸ்கிரீனை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஸ்கிரீன் கறுத்துப் போனால் அது போலரைஸ்டு. இதே காரணத்தால் சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் சரியாகத் தெரியாமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேம் அகலம் உங்கள் முகத்தின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். கண்ணாடி முன் நின்று ஒருமுறை நன்றாகச் சிரியுங்கள். கன்னம் ஃப்ரேமைத் தூக்கினால் அந்த மாடல் வேண்டாம், தினமும் மேக்கப்பும் வியர்வையும் லென்ஸில் ஒட்டும்.

வாட்ச்சில் '30 மீட்டர்' என்றால் 30 மீட்டர் இல்லை

'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று பின்னால் எழுதியிருந்ததை நம்பி, ஊரில் பம்புசெட்டில் வாட்ச்சோடு குளித்தவன் நான். அன்று சாயங்காலமே கண்ணாடிக்குள் பனி படர்ந்துவிட்டது. கடையில் கொடுத்தபோது ரிப்பேர் செய்பவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

30 மீட்டர் அல்லது '3 ஏடிஎம்' என்பது ஆய்வகத்தில், வாட்ச் அசையாமல் இருக்கும்போது தாங்கிய அழுத்தத்தின் அளவு. நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், லேசான மழை, அவ்வளவுதான். நீச்சலுக்கு 10 ஏடிஎம் அதாவது 100 மீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குவது நல்லது. எந்த வாட்ச்சாக இருந்தாலும் வெந்நீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி வியர்க்கும் ஊரில் லெதர் ஸ்ட்ராப் தினசரிக்குச் சரிப்படாது. நாறும், சீக்கிரம் வெடிக்கும். ஸ்டீல் செயின், நைலான், சிலிகான் எல்லாம் பரவாயில்லை, ஆனால் வாரம் ஒருமுறை கழுவணும். ஸ்மார்ட் வாட்ச்சை இறுக்கிக் கட்டி ராத்திரியும் போட்டுத் தூங்குபவர்களுக்கு மணிக்கட்டில் வரும் தடிப்புக்கு, அடியில் தேங்கும் வியர்வையும் சோப்பும் பல நேரம் காரணம். ஒரு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள்.

ஒரு சின்ன ரகசியம். ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் அகலம் பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் இருக்கும். அது தெரிந்தால் தனியாக ஸ்ட்ராப் மட்டும் வாங்கலாம். ஒரே வாட்ச், ஆபீஸுக்கு ஸ்டீல், ஞாயிற்றுக்கிழமைக்கு நைலான், விசேஷத்துக்கு லெதர். மூன்று வாட்ச் வாங்கியது போலத் தெரியும்.

பெல்ட்டும் பையும்

பெல்ட் விஷயம் சுருக்கமானது. பேன்ட் 34 என்றால் பெல்ட் 36 எடுங்கள், நடு ஓட்டையில் சரியாக நிற்கும். வாங்கி ஒரு வருடத்தில் தோல் மாதிரி உரிகிறதே, அது தோல் இல்லை. பியு என்ற பிளாஸ்டிக் பூச்சு, காற்றின் ஈரம் பட்டுப் பட்டு உடைகிறது. அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உரியும். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நிஜத் தோலில் நார் நாராகத் தெரியும், பியு-வில் துணி மேல் ஒட்டிய மெல்லிய படலம் தெரியும்.

பை விஷயம் அவ்வளவு சின்னது இல்லை. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை, குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்குக் கணக்கு இருக்கிறது, அம்மாவின் ஹேண்ட்பேக்குக்கு யாரும் கணக்குப் போடவில்லை! தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பவர் பேங்க், குடை, மடித்து வைத்த கட்டைப்பை, போன மாத ரசீது என எல்லாம் ஒரே தோளில் தொங்கும். ஒருநாள் வீட்டில் எடை மெஷினில் உங்கள் பையை வைத்துப் பாருங்கள், நிச்சயம் அதிர்ச்சியாக இருக்கும்.

கடையில் பையைக் காலியாகத் தூக்கிப் பாருங்கள். பெரிய பக்கிள், செயின் பட்டை எல்லாம் வைத்த பை காலியாக இருக்கும்போதே கனக்கிறது என்றால் வைத்துவிடுங்கள். குறுக்காகப் போடும் நீளமான, அகலமான பட்டை நல்லது. எடை ஒரு தோளில் மட்டும் நிற்காது, கூட்டத்தில் பையை முன்னால் கொண்டுவந்து ஜிப்பில் கை வைத்துக்கொள்ளவும் முடியும். லேப்டாப் தூக்குபவர்களுக்கு இரண்டு தோள் பட்டை இருக்கும் பைதான் சரி, ஸ்டைல் போனாலும் பரவாயில்லை.

எல்லாம் சரி, ஸ்டைல்?

நடைமுறை என்று சொன்னதும் ஸ்டைல் கிடையாது என்று நினைக்க வேண்டாம். நன்றாக உடுத்துபவர்களைக் கவனித்தால், அவர்கள் போட்டிருப்பது குறைவாகத்தான் இருக்கும். ஜிமிக்கி பெரிதாக இருந்தால் கழுத்து காலியாக இருக்கும். கழுத்தில் பெரிய ஆரம் என்றால் காதில் சின்ன ஒற்றைக்கல். பார்ப்பவரின் கண் போய் நிற்க ஓர் இடம் போதும்.

கழுத்து டிசைனையும் செயின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 'வி' கழுத்து சுடிதாருக்கு 16, 18 இன்ச் செயினில் ஒரு சின்ன டாலர் அழகாக உட்காரும். காலர் வைத்த குர்த்திக்கு அதே செயின் காலருக்குள் தொலைந்துவிடும், 24 இன்ச்சுக்கு மேல் போய்விடுங்கள். காட்டன் சுங்குடிப் புடவைக்கோ கைத்தறிக்கோ ஆக்சிடைஸ்டு வெள்ளி நிறம் சேர்வது போல ஏ.டி. கல் சேராது. கல் வைத்ததை சாயங்கால விளக்கு வெளிச்சத்துக்கு எடுத்து வையுங்கள்.

தங்கமும் வெள்ளியும் சேர்த்துப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால், ஒரு நிறம் ஓர் இடத்தில் மட்டும் தனியாக இருந்தால் மறந்துபோய்ப் போட்டது போலத் தெரியும். வெள்ளி நிற வாட்ச் என்றால், மோதிரத்திலோ வளையலிலோ இன்னொரு வெள்ளி நிறம் வரட்டும். ஆண்களுக்கு இதைவிட எளிது: பெல்ட், ஷூ, வாட்ச் ஸ்ட்ராப் மூன்றும் ஒரே நிறக் குடும்பமாக இருந்தால் 500 ரூபாய் சட்டையும் எடுப்பாகத் தெரியும்.

விலையை எப்படிப் பார்ப்பது? போட்ட நாட்களால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 150 ரூபாய்க்கு வாங்கிய கம்மலை 3 தடவை போட்டுவிட்டு அரிப்பால் தூக்கிப்போட்டால், ஒரு தடவைக்கு 50 ரூபாய். 900 ரூபாய் டைட்டானியம் கம்மலை 300 நாள் போட்டால் ஒரு நாளுக்கு 3 ரூபாய். எது மலிவு?

நிஜத் தங்கமே வாங்குகிறீர்கள் என்றால், பிஐஎஸ் முத்திரையோடு 6 இலக்க ஹெச்யுஐடி எண் இருக்கிறதா பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அதைப் போட்டால் நகையின் தூய்மை என்ன என்று காட்டும். 916 என்றால் 22 கேரட்.

ராத்திரி கழற்றி எங்கே வைப்பது?

கவரிங் நகையைப் பாத்ரூம் ஷெல்ஃபில் வைக்காதீர்கள். துடைத்து, சின்ன ஜிப் கவரில் தனித்தனியாகப் போடுங்கள். காலையில் சென்ட் அடித்து, க்ரீம் தடவி, காய்ந்த பிறகு கடைசியாக நகை. வெள்ளி கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம்ம வீடுகளில் உண்டு, அது நிஜ வெள்ளிக்கு ஓகே. அதையே கவரிங்கிலும் ஆக்சிடைஸ்டு நகையிலும் செய்தால் பூச்சு போய்விடும். புளியும் அப்படித்தான்.

மோதிரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. காலையில் விரல் மெலிந்திருக்கும், மதிய வெயிலுக்கு வீங்கும். அதனால் மோதிர அளவு சாயங்காலம் எடுங்கள். கையில் அடிபட்டாலோ, தேனீ கொட்டினாலோ முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள், வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பஸ் படிக்கட்டிலிருந்து குதிக்கும்போதும், சுவர் ஏறி இறங்கும்போதும் மோதிரம் எதிலாவது மாட்டினால் விரல் சதையையே உரித்துவிடும்.

மாட்டிக்கொண்டால், முதலில் கையைத் தலைக்கு மேல் 5 நிமிடம் தூக்கி வைத்து, சோப்பு போட்டு முயற்சி செய்யுங்கள். வரவில்லையா? வழவழப்பான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டி, விரல் முட்டியைத் தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்க முனையை நகத்தின் பக்கமாக இழுத்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரம் நூலோடு நகர்ந்து வந்துவிடும். விரல் நீலமாகிவிட்டாலோ மரத்துப்போனாலோ இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மோதிரம் வெட்டும் கருவி வைத்திருப்பார்கள்.